சந்தா கட்டிப் படிக்கும் ஊர்

பெட்டிக்கடை வாசலில் குறுக்கே கயிறு கட்டி, அதில் கிளிப் போட்டு வாரப் பத்திரிகைகளைத் தொங்கவிடும் வழக்கம் புதுச்சேரியில் ஏறக்குறைய மறைந்துவிட்டது. நேரு வீதியிலும் காந்தி வீதியிலும் நடந்து பாருங்கள். அந்தக் கயிறு இருக்கிறது. அதில் சிப்ஸ் பாக்கெட்டும் ஷாம்பு சரமும் தொங்குகின்றன. பேருந்து நிலையம் பக்கம் ஒன்றிரண்டு கடைகளில் வார இதழ்கள் கிடைக்கும், அவையும் நாளிதழ் கட்டுக்கு அடியில் மடித்துச் செருகப்பட்டிருக்கும். கேட்டால் எடுத்துத் தருவார்கள். கேட்பவர்களின் முகம் கடைக்காரருக்குத் தெரியும்; பெரும்பாலும் ஓய்வூதியக்காரர்கள்.

இதை வைத்து அச்சுப் பத்திரிகைக்கு முடிவுரை எழுதிவிடுவது எளிது, பலரும் எழுதிவிட்டார்கள். ஆனால் இந்த ஊரின் பத்திரிகை வரலாறு தெரிந்தவர்கள் அத்தனை அவசரப்பட மாட்டார்கள். கடையில் தொங்கிய பத்திரிகை ஒரு வகை. முன்பணம் கட்டியவர் வீட்டுக்குத் தபாலில் போன பத்திரிகை இன்னொரு வகை. முதல் வகை தளர்ந்துவிட்டது என்பதில் ஐயமில்லை. இரண்டாம் வகைக்குப் புதுச்சேரி நூறாண்டுக்கு மேலாக வீடாக இருந்து வருகிறது. அது இன்னும் மூச்சு விட்டுக்கொண்டிருக்கிறது. அதன் கதை தனியாகச் சொல்லப்பட வேண்டியது.

முதலில் விழுந்தவற்றைச் சொல்லிவிடலாம். 1947இல் தொடங்கிய அம்புலிமாமா அறுபது ஆண்டுகளுக்கும் மேல் வந்து நின்றுபோனது. 1941இல் கல்கி கிருஷ்ணமூர்த்தியும் சதாசிவமும் தொடங்கிய 'கல்கி' வார இதழ், 2020 கொரோனா முடக்கத்தோடு அச்சை விட்டு இணையத்துக்குப் போனது. அதே குழுமத்தின் மங்கையர் மலரும் உடன் போனது. விகடன் குழுமம் இலக்கியத்துக்கென்று 2016இல் கொண்டுவந்த 'தடம்' மூன்றே ஆண்டில் நின்றது. இவற்றில் எதுவும் ஒரே நாளில் வந்த முடிவில்லை. பக்கம் குறைந்தது, தாள் மெலிந்தது, விலை ஏறியது, முகவர் எடுக்கும் பிரதி குறைந்தது, பிறகு அறிவிப்பு வந்தது.

காரணம் கைப்பேசி என்று ஒற்றை வரியில் சொல்லிவிடுகிறார்கள். அடி அதற்கு வெகுமுன்பே விழுந்துவிட்டது. வார இதழின் உயிர்நாடி தொடர்கதை. அடுத்த வாரம் என்ன ஆகும் என்ற தவிப்புதான் வாசகரைக் கடை வாசலுக்கு அழைத்து வந்தது. 1950இல் கல்கியில் தொடங்கிய பொன்னியின் செல்வன், மணியத்தின் ஓவியங்களோடு மூன்றரை ஆண்டு ஓடியபோது, வாரந்தோறும் பக்கங்களைப் பிரித்தெடுத்துச் சேர்த்துப் பைண்டு செய்து வைத்த வீடுகள் தமிழ்நாடு முழுவதும் இருந்தன, புதுச்சேரியிலும் இருந்தன. 1993இல் சன் தொலைக்காட்சி வந்தது. தொண்ணூறுகள் முடிவதற்குள் அந்தத் தவிப்பு முழுவதும் மாலை நேரத் தொடர்களுக்கு இடம் மாறிவிட்டது. அதே சமயத்தில் நாளிதழ்கள் சிறுவருக்கும் பெண்களுக்கும் வாரக் கடைசிக்கும் என்று இலவச இணைப்புகளைக் கொடுக்கத் தொடங்கின. நாளிதழோடு கதையும் துணுக்கும் சும்மா வரும்போது தனியாக ஒரு வார இதழுக்குப் பணம் கொடுப்பானேன்?

பெரிய வார இதழின் கணக்கு இன்னொரு வகையில் ஆபத்தானது. அட்டையில் போட்டிருக்கும் விலை, பிரதியை அச்சடித்துக் கடைக்குக் கொண்டு சேர்க்கும் செலவுக்கே போதாது. முகவருக்குக் கழிவு போக வேண்டும், விற்காத பிரதிகள் திரும்பி வரும். அந்தப் பள்ளத்தை விளம்பரம் நிரப்பியது. புடவைக்கடையும் நகைக்கடையும் தொலைக்காட்சிக்குப் போய், அங்கிருந்து கைப்பேசித் திரைக்குப் போனபோது பள்ளம் வெளியே தெரிந்தது. 2016இல் ஜியோ வந்து இணையத்தை மலிவாக்கியது. 2019 வரவு செலவுத் திட்டத்தில் இறக்குமதிக் காகிதத்துக்குப் பத்து சதவீதச் சுங்க வரி வந்தது. மறு ஆண்டே அது ஐந்தாகக் குறைந்தாலும், அதன் பின் வந்த கொரோனாவும் உக்ரைன் போரும் காகித விலையை மறுபடி ஏற்றிவிட்டன. இத்தனையும் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்தன.

உலகமெங்கும் இதுதான் நிலை. அமெரிக்காவின் நியூஸ்வீக் 2012 டிசம்பரோடு அச்சை நிறுத்தி, 2014இல் குறைந்த பிரதிகளோடும் கூடிய விலையோடும் திரும்பி வந்தது. நேஷனல் ஜியோகிராஃபிக் 2023க்குப் பிறகு அமெரிக்கக் கடைகளில் விற்பதை விட்டுவிட்டது. சந்தாதாரர்களுக்கு மட்டும் அனுப்புகிறது. இந்த இரண்டிலும் ஒரு திசை தெரிகிறது. கடையை விட்டுவிட்டு, முன்பணம் கட்டுபவரை நம்பு.

அந்தத் திசையில்தான் புதுச்சேரி 1908இலேயே நடந்தது.

சென்னையில் 'இந்தியா' வார இதழின் பெயரளவு ஆசிரியர் கைதானதும், உண்மையான ஆசிரியரான பாரதி பிரெஞ்சு எல்லைக்குள் வந்து சேர்ந்தார். பத்திரிகையும் பின்னாலேயே வந்தது. 1908 அக்டோபரிலிருந்து 1910 மார்ச் வரை அது புதுச்சேரியிலிருந்து வெளிவந்தது. பிரெஞ்சுப் புரட்சியின் முழக்கத்தைச் சுதந்திரம், சமத்துவம், சகோதரத்துவம் என்று முகப்பில் தாங்கியது. தமிழ்ப் பத்திரிகையில் அரசியல் கேலிச் சித்திரத்துக்கு அழுத்தமான இடம் தந்தது. இவை பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கும் தெரிந்தவை. அவ்வளவாகப் பேசப்படாதது அதன் சந்தா விகிதம். அரசாங்கங்களுக்கு ஆண்டுக்கு 50 ரூபாய். ராஜாக்களுக்கும் ஜமீன்தார்களுக்கும் 30. மாதம் இருநூறு ரூபாய்க்கு மேல் வருமானம் உள்ளவர்களுக்கு 15. மற்ற எல்லோருக்கும் 3 ரூபாய்.

இதைச் சற்று நின்று பார்க்க வேண்டும். விளம்பரத்தை நம்பி விலையைக் குறைக்கும் வழி இதில் இல்லை. படிப்பவர்களே பத்திரிகையைத் தாங்க வேண்டும், அதுவும் அவரவர் சக்திக்குத் தக்கபடி. வசதி உள்ளவர் கூடுதலாகக் கொடுத்தால், மூன்று ரூபாய்க்காரர் வீட்டுக்கும் அதே இதழ் போகும். இன்று சிற்றிதழ்களில் ஆண்டுச் சந்தா, ஆயுள் சந்தா, புரவலர் நன்கொடை, நூலகச் சந்தா என்று படிப்படியாகப் போடுகிறார்களே, அந்த ஏற்பாட்டின் தெளிவான முன்மாதிரி ஈஸ்வரன் தர்மராஜா கோயில் வீதியில் வாழ்ந்த கவிஞரின் பத்திரிகையில் இருக்கிறது.

அது எப்படி நின்றது என்பதும் இந்தக் கதைக்கு முக்கியம். பிரெஞ்சு மண்ணில் அச்சுக்கூடத்தைப் பிரிட்டிஷார் தொட முடியவில்லை. ஆனால் படிப்பவர்களில் பெரும்பாலோர் பிரிட்டிஷ் இந்தியாவில் இருந்தார்கள். அவர்களுக்குத் தபாலில்தான் போக வேண்டும். தபால் பிரிட்டிஷ் கையில். பத்திரிகை எல்லை தாண்டி வருவதைத் தடுத்தார்கள், கடிதங்களைப் பிரித்தார்கள், சந்தா வரும் வழியை அடைத்தார்கள். 1910 பிப்ரவரியில் வந்த அச்சகச் சட்டம், சந்தேகப்படும் கட்டுகளைத் தபால் நிலையத்திலேயே நிறுத்தி வைக்கும் அதிகாரத்தைக் கொடுத்தது. அடுத்த மாதமே 'இந்தியா' நின்றது. 'விஜயா' நாளிதழ், 'கர்மயோகி', 'சூரியோதயம்' என்று பாரதி புதுச்சேரியில் கை வைத்த மற்ற இதழ்களும் நெடுநாள் நிற்கவில்லை. வாசகர் இருந்தார், ஆசிரியர் இருந்தார், இருவருக்கும் நடுவில் இருந்த தபால் அறுந்தது.

அதே தபாலை வைத்துக்கொண்டு இன்னொரு பத்திரிகை தழைத்தது. 1910 ஏப்ரலில் புதுச்சேரிக்கு வந்த அரவிந்தர், 1914 ஆகஸ்ட் 15 அன்று 'ஆர்யா' என்ற ஆங்கில மாத இதழைத் தொடங்கினார். முதல் உலகப் போர் வெடித்த மாதம் அது. உடன் வந்த பிரெஞ்சுப் பதிப்பு, அதைக் கவனித்த பால் ரிஷார் ஊரை விட்டுப் போனதும் சில இதழ்களிலேயே முடிந்தது. ஆங்கிலப் பதிப்போ மாதம் 64 பக்கம் என்ற கணக்கில் 1921 ஜனவரி வரை வந்தது. அரவிந்தரின் பெரிய நூல்களில் பல முதலில் மாதத் தவணையாக இந்த இதழில் வந்தவை. ஒரே சமயத்தில் நான்கைந்து நூல்களைத் தவணை முறையில் எழுதிக்கொண்டிருந்தார். தத்துவத்துக்கென்று ஒரு மாத இதழ், போர்க்காலத்தில், ஒரு சிறிய கடற்கரை ஊரிலிருந்து ஆறரை ஆண்டு வந்தது என்பது இன்றைக்கும் வியப்பாக இருக்கிறது. கடையில் போட்டிருந்தால் ஆறு மாதம் தாங்கியிருக்காது. தேடிச் சந்தா கட்டியவர்கள்தான் அதைக் காப்பாற்றினார்கள்.

பிறகு பாரதிதாசன் காலம். 1930இல் தொடங்கிய 'புதுவை முரசு' சுயமரியாதை இயக்கத்தின் குரலாக ஒலித்தது. 1934இல் வ. சுப்பையா 'சுதந்திரம்' இதழைத் தொடங்கினார். ஆலைத் தொழிலாளர்களின் போராட்டத்தோடு அந்த இதழின் பெயரும் சேர்ந்தே பேசப்படும். 1935இல் கவிதைக்கென்றே ஓர் இதழ் வந்தது: ஸ்ரீ சுப்ரமண்ய பாரதி கவிதா மண்டலம். தமிழில் முழுக்க முழுக்கக் கவிதைக்காக வந்த முதல் இதழ் என்ற பெருமை அதற்கு உண்டு. அதன் பிறகு 'குயில்'. நின்றது, மறுபடி வந்தது, வடிவம் மாறியது, தடையைச் சந்தித்தது, திரும்பவும் கிளம்பியது. பாரதிதாசன் 1964இல் மறைவது வரை அந்தப் பெயரை விடவில்லை. பெருமாள் கோயில் வீதியில் அவர் வாழ்ந்த வீடு இப்போது நினைவு இல்லம். அங்கே போகிறவர்கள் கவிதை நூல்களை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பாமல் இதழாசிரியரையும் தேட வேண்டும். கையில் காசு இல்லாத காலத்திலும் ஒரு கவிஞரை இதழ் நடத்தத் தூண்டியது எது என்பது எளிய கேள்வி கிடையாது.

பெரிய வார இதழ்களுக்கும் இந்த ஊர் கடன்பட்டிருக்கிறது. பிரபஞ்சன் புதுச்சேரிக்காரர். குமுதம், ஆனந்த விகடன், குங்குமம் மூன்றிலும் பணியாற்றியவர். ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பை அடித்தளமாக வைத்து அவர் எழுதிய பிரெஞ்சுக்காலப் புதுச்சேரி நாவல் தொடராகவே முதலில் வாசகரை அடைந்தது. அதன் தொடர்ச்சியான 'வானம் வசப்படும்' 1995இல் சாகித்ய அகாதெமி பரிசு பெற்றது. கி. ராஜநாராயணன் கரிசல் மண்ணை விட்டு 1989இல் புதுவைப் பல்கலைக்கழகத்துக்கு வந்தார். 2021இல் மறையும் வரை இங்கேயே இருந்தார். ஜூனியர் விகடனில் அவர் எழுதிய 'கரிசல் காட்டுக் கடுதாசி'யையும் அதற்கு ஆதிமூலம் போட்ட கோடுகளையும் ஒன்றாக நினைவு வைத்திருக்கும் வாசகர்கள் ஏராளம். லட்சக்கணக்கான பிரதி விற்கும் ஓர் இதழ், நாட்டுப்புறக் கிழவர்களின் பேச்சுக்கும் நவீன ஓவியரின் கோட்டுக்கும் பக்கம் ஒதுக்கியது. அந்தச் சந்திப்பு இனி எங்கே நடக்கும்? வெகுஜன இதழின் சரிவில் வருந்த வேண்டிய இழப்பு இதுதான். இலக்கியம் தேடாதவர் கையிலும் இலக்கியம் தற்செயலாகப் போய்ச் சேர்ந்த வழி அது. சந்தா இதழுக்கு அந்த ஆற்றல் இல்லை. ஏற்கெனவே தேடுபவருக்குத்தான் அது போகும்.

கி.ரா.வே பின்னாளில் 'கதைசொல்லி' என்று நாட்டார் வழக்காறுகளுக்காக ஒரு சிற்றிதழை நடத்தினார். தொண்ணூறுகளில் தலித் அரசியலையும் பின்நவீனத்துவத்தையும் தமிழில் சூடாக விவாதித்த 'நிறப்பிரிகை'யின் ஆசிரியர்களில் ஒருவரான ரவிக்குமார் புதுச்சேரியில் இருந்தவர். பிறகு அவர் 'மணற்கேணி' என்ற ஆய்விதழைக் கொண்டுவந்தார். இவை எதையும் பெட்டிக்கடைக் கயிற்றில் யாரும் பார்த்திருக்க முடியாது. நண்பர் கையிலிருந்து நண்பர் கைக்கும், தபாலிலும், புத்தகக் கண்காட்சி மேசையிலும் போனவை. அட்டையில் 'தனிச்சுற்றுக்கு மட்டும்' என்ற வரியோடு வந்த இதழ்கள் அந்தக் காலத்தில் எத்தனையோ.

சிற்றிதழுக்கு இந்த வழியைக் கொள்கையாகவே வகுத்தவர் சி.சு. செல்லப்பா. 1959 ஜனவரியில் 'எழுத்து' தொடங்கியபோது, இரண்டாயிரம் பிரதிக்கு மேல் போவதில்லை, விரும்பிச் சந்தா கட்டுபவர்க்கே அனுப்புவது என்ற எண்ணம் அவருக்கு இருந்தது. 119 இதழ்கள் வந்தன. அதற்காக அவர் இழந்தது அதிகம். புத்தகக் கட்டைச் சுமந்துகொண்டு கல்லூரி கல்லூரியாகப் போனார். தமிழ்ப் புதுக்கவிதை இன்று நிற்கும் தரையில் அந்த 119 இதழ்களின் பங்கு பெரிது. இப்படிப்பட்ட உழைப்பைப் பெருமையாகச் சொல்லும்போதே ஒன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஆசிரியரின் குடும்பம் பட்ட பாட்டின் மேல்தான் தமிழ்ச் சிற்றிதழ் நின்றது. அதை ஓர் இலட்சியமாக யாருக்கும் பரிந்துரைக்க முடியாது.

அதனால்தான், ஆசிரியரைத் தின்னாமல் நீடிக்கும் இதழ்கள் கூர்ந்து கவனிக்கத் தக்கவை. புதுச்சேரியிலேயே சில உண்டு.

'துளிர்' சிறுவர் அறிவியல் மாத இதழ் 1987இல் தொடங்கியது. தமிழ்நாடு அறிவியல் இயக்கமும் புதுவை அறிவியல் இயக்கமும் சேர்ந்து நடத்துவது. அம்புலிமாமாவும் வேறு பல சிறுவர் இதழ்களும் போன பிறகும் அது நின்றதற்குக் காரணம் அதன் பின்னால் இருக்கும் பள்ளி ஆசிரியர்கள். பள்ளியில் பாடம் நடத்துபவரே சந்தா சேர்க்கிறார், அவரே துளிர் இல்லம் என்ற சிறுவர் மன்றத்தை நடத்துகிறார், வினாடி வினாவுக்குப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போகிறார். இதழ் அங்கே ஓர் இயக்கத்தின் கைப்பொருள். விளம்பரதாரர் வந்தாலும் போனாலும் அதன் அடித்தளம் அசைவதில்லை.

ஊருக்கு வடக்கே ஆரோவில்லில் 'ஆரோவில் டுடே' 1988 நவம்பரிலிருந்து வருகிறது. ஆரோவில்வாசிகளுக்குள் நடக்கும் விவாதங்களை, கருத்து வேறுபாடுகள் உட்பட, வெளியூரில் இருக்கும் அன்பர்களுக்குச் சொல்லும் இதழ். அரவிந்தர் ஆசிரமத்தின் 'மதர் இந்தியா' 1949இல் கே.டி. சேத்னாவை ஆசிரியராகக் கொண்டு பம்பாயில் பிறந்து, பின்னர் புதுச்சேரிக்கு வந்தது. பிரெஞ்சில் 1944இல் தொடங்கிய 'த்ரே துனியோன்' எழுபது ஆண்டுகளையும் தாண்டியது. பிரெஞ்சு ராணுவ ஓய்வூதியம் வாங்கும் சொல்தா குடும்பங்கள், பிரான்சில் குடியேறிவிட்ட புதுச்சேரிக்காரர்கள், லிசே என்ற பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவர்கள் என்று அதற்கு ஒரு வட்டம். அந்த வட்டம் சிறியது, முதுமை அடைந்துவருவது. ஆனால் அவர்களைப் பற்றி, அவர்கள் மொழியில், அவர்கள் ஊரிலிருந்து எழுத வேறு யார் இருக்கிறார்கள்?

இவற்றுக்கெல்லாம் பொதுவாக ஒன்று உண்டு. ஒவ்வொன்றின் வாசகரையும் பெயர் சொல்லி அடையாளம் காட்ட முடியும். பெரிய வார இதழுக்கு எல்லோரும் வாசகர். ஆகவே அவர்களில் யாரையும் அதற்குத் தெரியாது. விற்பனை விழுந்தபோது போனவர் யார், ஏன் போனார் என்று கேட்க முகவரி இல்லை. துளிருக்கோ ஆரோவில் டுடேவுக்கோ ஒவ்வொரு சந்தாதாரரும் முகவரியோடு பதிவேட்டில் இருக்கிறார்.

இதே வழியைப் படக்கதைகளுக்குப் பயன்படுத்தி வெற்றி கண்டது சிவகாசி. 1972இல் இரும்புக்கை மாயாவியோடு தொடங்கிய முத்து காமிக்ஸும், 1984இல் வந்த லயன் காமிக்ஸும் ஒரு காலத்தில் பெட்டிக்கடைச் சரக்கு. மலிவுத் தாள், சில்லறை விலை, பையன்கள் கூட்டம். பெட்டிக்கடை வழி அடைந்தபோது ஆசிரியர் விஜயன் அதே பையன்களைத் தேடிப் போனார். அவர்கள் இப்போது ஐம்பதைத் தொட்டவர்கள், வேலையில் இருப்பவர்கள். நல்ல தாள், முழு வண்ணம், கெட்டி அட்டை, கூரியரில் வீட்டுக்கு. ஆண்டு தொடங்குமுன் அட்டவணை வரும், சந்தா சேரும், அதற்கேற்ப அச்சாகும். காமிக்ஸ் நாயகன் டெக்ஸ் வில்லரின் புது இதழ் எந்த நாளில் கைக்கு வரும் என்று காத்திருப்பவர்கள் புதுச்சேரியிலும் இருக்கிறார்கள். பிரதி எண்ணிக்கை பழைய காலத்தோடு ஒப்பிட முடியாத அளவுக்குச் சிறியது. ஆனால் விற்காமல் திரும்பி வரும் மூட்டை மிகக் குறைவு. அச்சகத்துக்குக் கொடுக்க வேண்டிய பணம் முன்பே கையில் இருக்கிறது.

அச்சின் மேல் இந்த வாசகர்கள் வைத்திருக்கும் பற்றைப் பழைய நினைவின் ஏக்கம் என்று தள்ளிவிடக் கூடாது. கைப்பேசியில் ஒரு கட்டுரைக்கு நடுவில் பத்து அறிவிப்பு வந்து விழுகிறது. அச்சிதழில் கட்டுரைக்கு அடுத்த பக்கத்தில் என்ன வர வேண்டும் என்பதை ஓர் ஆசிரியர் உட்கார்ந்து யோசித்திருக்கிறார். முதல் பக்கம், கடைசிப் பக்கம் என்று ஓர் எல்லை இருக்கிறது. படித்து முடித்தோம் என்ற நிறைவு கிடைக்கிறது. தீபாவளி மலரை எடுத்துக்கொள்ளுங்கள். கல்கி வார இதழ் அச்சில் நின்ற பிறகும் அதன் தீபாவளி மலர் அச்சில் வந்தது. வழவழப்பான தாளில் முழுப்பக்கத் தெய்வ ஓவியம் வேண்டும் என்பவருக்குத் திரையில் அதைக் காட்டிப் பயனில்லை. பட்டேல் சாலையில் ஆசிரமத்தின் கையால் செய்யும் காகிதத் தொழிற்கூடம் 1959 முதல் துணிக்கழிவிலிருந்து தாள் செய்து விற்றுவருகிறது. அதைத் தடவிப் பார்த்து வாங்கிப் போக வெளியூரிலிருந்தெல்லாம் ஆட்கள் வருகிறார்கள். நல்ல தாளுக்குப் பணம் கொடுக்க மனிதர்கள் இருக்கிறார்கள் என்பது இந்த ஊருக்குப் புதுச் செய்தியில்லை.

ஆனால் தபால்? 1910இல் கழுத்தை நெரித்த அதே இடத்தில் இப்போதும் வலிக்கிறது. பதிவு பெற்ற பத்திரிகைகளுக்குக் குறைந்த அஞ்சல் கட்டணம் என்பது நெடுங்காலச் சலுகை. அதைப் பெறத் தலைப்புப் பதிவு வேண்டும், அஞ்சல் துறையின் உரிமம் வேண்டும், சொன்ன தேதியில் இதழைத் தபாலில் சேர்க்க வேண்டும். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை என்று சொல்லிவிட்டு நான்காம் மாதத்தில் கொண்டுவரும் சிற்றிதழுக்கு அது எட்டாது. அப்படிப்பட்டவர்கள் நம்பியிருந்தது புக் போஸ்ட்டை. தொலையாமல் போய்ச் சேர வேண்டுமென்றால் பதிவு செய்த புக் போஸ்ட்டை. 2024 டிசம்பரில் அந்தப் பதிவு புக் போஸ்ட் வசதி முன்னறிவிப்பு ஏதுமின்றி நீக்கப்பட்டது. 2025 மே மாதம் நூல்களை மனத்தில் வைத்து 'ஞான் போஸ்ட்' என்ற சலுகைச் சேவை வந்தது. அதே ஆண்டு செப்டம்பரில் பதிவுத் தபால் முழுவதுமே விரைவு அஞ்சலோடு இணைக்கப்பட்டது. கூரியரில் அனுப்பினால் சில இதழ்களுக்கு அனுப்பும் செலவே அச்சுச் செலவை நெருங்கிவிடும். அறுபது எழுபது ரூபாய் இதழுக்கு அதே அளவு கூரியர்க் கட்டணம் கேட்டால் எந்த வாசகர் தயங்க மாட்டார்?

இது அரசு நினைத்தால் ஒரே ஆணையில் தீரக்கூடிய சிக்கல். சில ஆயிரம் இதழ்கள், ஒவ்வொன்றுக்கும் சில நூறு உறைகள். அஞ்சல் துறைக்கு இதில் பெரிய நட்டம் வந்துவிடப் போவதில்லை. பதிவு எண் இல்லாத சிற்றிதழையும் எடை பார்த்து, சலுகைக் கட்டணத்தில், எண்ணிட்டு அனுப்ப ஒரு வழி வேண்டும். இப்போது சிற்றிதழாளர்கள் தாங்களே வழி கண்டுகொண்டிருக்கிறார்கள். வாட்ஸ்அப்பில் முன்பதிவு, கைப்பேசியிலேயே பணம், பத்துப் பிரதியை ஒரே கட்டாக ஒரு ஊருக்கு அனுப்பி அங்கே ஒரு நண்பர் வீட்டில் வைத்துப் பிரித்துக்கொள்வது. டிஜிட்டல் அச்சு வந்ததால் முந்நூறு பிரதிகூடக் கையைக் கடிக்காமல் போட முடிகிறது. இந்த ஏற்பாடுகள் நன்றாகவே ஓடுகின்றன. ஆனால் நண்பர் இல்லாத ஊரில் இருக்கும் வாசகருக்கு, ஒரு சிற்றூரின் தமிழாசிரியருக்கு, தபால்தான் வழி.

இன்னொரு கவலை உண்டு, அது இந்த ஊருக்கே உரியது. வந்த இதழ்களைச் சேர்த்து வைப்பது. பாரதியின் எழுத்துகளைக் காலவரிசையில் தொகுக்கச் சீனி விசுவநாதன் தம் வாழ்நாளையே கொடுத்தார். 23 தொகுதிகளாக அவை 2024 டிசம்பர் 11 அன்று வெளியிடப்பட்டன. 'விஜயா' கட்டுரைகளை ஆ. இரா. வேங்கடாசலபதி தேடி எடுத்துத் தனி நூலாக்க வேண்டியிருந்தது. புதுச்சேரியில் அச்சான நாளிதழைத் தேடி ஆய்வாளர்கள் ஊர் ஊராக அலைய வேண்டி வந்ததற்குக் காரணம், அது வந்த நாளில் முறையாகச் சேர்த்து வைக்கப்படவில்லை என்பதே. புதுக்கோட்டையில் கிருஷ்ணமூர்த்தி தம்பதியினர் ஞானாலயாவில் சேர்த்திருக்கும் இதழ்களும், கோட்டையூர் ரோஜா முத்தையா சேர்த்து வைத்து இன்று சென்னையில் ஆராய்ச்சி நூலகமாக விளங்கும் தொகுப்பும் இல்லாவிட்டால் தமிழ்ப் பத்திரிகை வரலாற்றில் பாதியை எழுதவே முடியாது. தனி மனிதர்கள் வீட்டுக் காசில் செய்த வேலை அது.

புதுச்சேரியில் 1827இலிருந்து பொது நூலகம் இருக்கிறது. இன்று ரோமன் ரோலண்ட் நூலகம் என்று பெயர். காலையில் நாளிதழ்ப் பகுதியில் இடம் பிடிக்க இன்றும் ஆட்கள் வருகிறார்கள். நூலகத்தில் ஓர் அறையை ஒதுக்கி, புதுச்சேரியில் அச்சான ஒவ்வொரு இதழுக்கும் ஓர் அடுக்கு வைத்தால் போதும். 'இந்தியா', 'ஆர்யா', 'புதுவை முரசு', 'சுதந்திரம்', 'கவிதா மண்டலம்', 'குயில்', 'கதைசொல்லி', 'துளிர்', மூலப் பிரதி கிடைக்காதவற்றுக்கு நகல். இப்போது வந்துகொண்டிருப்பவற்றுக்கு நூலகமே இரண்டு பிரதிக்குச் சந்தா கட்டட்டும். ஒன்று படிக்க, ஒன்று பாதுகாக்க. பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் சில வீதிகள் தள்ளித்தான் இருக்கிறது. பழைய தாளைக் காக்கும் முறை தெரிந்தவர்கள் அங்கே உண்டு. ஆண்டுக்கு ஆகும் செலவு, கடற்கரையில் ஒரு மாலை விழாவுக்குப் போடும் பந்தல் செலவைத் தாண்டாது. ஞாயிற்றுக்கிழமைகளில் காந்தி வீதிச் சந்தையில் பழைய புத்தகம் விரிப்பவர்களிடம் இப்போதே சொல்லி வைத்தால், வீடு காலி செய்பவர்கள் எடைக்குப் போடும் இதழ்களில் பாதியாவது நூலகத்துக்கு வந்து சேரும்.